கொல்லருக்குக் கூலி கொடுத்தவரின் மனு

பெறுநர்: இணைய விளையாட்டு நிறுவனமொன்றின் மாட்சிமை தங்கிய வடிவமைப்புத் துறை.
அனுப்புநர்: சென்ற சனிக்கிழமைவரை +14 வாள் வைத்திருந்த மனுதாரர்.
பொருள்: உடைந்த வாளும் உடையாத கூலியும் – தொடர்பாக.

உயர்திரு வடிவமைப்பாளர் சமூகத்துக்கு, மனுதாரர் பணிவுடன் வணங்கித் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்:

சென்ற சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு, தங்கள் தலைநகரக் கடைவீதியில் உலை வைத்திருக்கும் கொல்லரிடம் மனுதாரர் தம் வாளை ஒப்படைத்தார். நான்கு மாதமாக, ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் உட்கார்ந்து, தினம் ஒரு மணி நேரம் தங்கள் மலைகளில் தாது வெட்டி ஏற்றிய வாள். +15 ஆக வேண்டும், அவ்வளவுதான். திரையில் பச்சை எழுத்தில் 'வெற்றி வாய்ப்பு: அதிகம்' என்றிருந்தது. எவ்வளவு அதிகம் என்று இல்லை. கொல்லர் மூன்று முறை சம்மட்டியால் அடித்தார். நான்காவது அடிக்கு வாள் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் மனுதாரர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கியிருப்பார். சர்வரில் இருந்த அத்தனை பேர் திரையிலும், தங்க எழுத்தில், கல்யாணப் பத்திரிகை போலக் கரை கட்டி, அவர் பெயரோடு ஓர் அறிவிப்பு ஓடியது: இன்னாரின் வாள் சுக்குநூறானது. கீழே சிரிப்புக் குறிகள் கொட்டின. கில்ட் என்ற ஆட்டக் குழுவில் அதுவரை 'அண்ணே, அண்ணே' என்று பின்னாலேயே திரிந்த பையன் ஒருவன் சங்கு ஊதினான். அப்படி ஓர் எமோட், அதாவது திரைச் சைகை, இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அடுத்த நொடி இன்னொரு சன்னல் திறந்தது. வருந்துகிறோமாம். வாள் உடையாமல் காக்கும் காப்புக்கல் 40 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்குமாம். இன்னும் 29 நிமிடம் 59 விநாடிதானாம்.

முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, வாளை உடைச்சதுக்கு அந்த ஆளுக்குக் கூலி வேற குடுத்தீங்களா?"

கொடுத்தார். ஐயாயிரம் பொற்காசு. கொல்லர் கூலி வாங்கிக்கொண்டார்.

மனுதாரரின் ஊரிலும் ஒரு கொல்லர் இருந்தார். அரிவாளைத் தோய்ச்சலுக்குக் கொடுத்தால் உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் முக்கித் தருவார். கூலி அறுவடைக்குப் பிறகு நெல்லாகப் போகும். எப்போதாவது அரிவாள் விரிசல் விட்டால் தன் இரும்பைப் போட்டு அவரே சரிசெய்து தந்துவிடுவார். இல்லாவிட்டால் மறுநாள் அந்தத் தெருவில் நடமாட முடியாது. தங்கள் கொல்லருக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் நடமாடுவதே இல்லை. இராப்பகலாக ஒரே இடத்தில் நின்று சம்மட்டியை ஓங்கிக்கொண்டிருக்கிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்றார்கள் பெரியவர்கள். தாங்களோ அதே தெருவில், கொல்லர் கையால் ஊசி உடையாமலிருக்கக் காப்பு விற்கிறீர்கள். இந்த வியாபார ஞானத்தை மனுதாரர் எழுந்து நின்று கும்பிடுகிறார்.

உடைக்கும் கலை தங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்பது அவருக்குத் தெரியும். தென்கொரியாவில் 1998-இல் வந்த 'லினியேஜ்' விளையாட்டிலேயே அது இருந்தது. வாளை +6 வரை அச்சமில்லாமல் ஏற்றலாம். அதற்கு மேல் மந்திரச் சுருள் தவறினால் வாள் ஆவியாகிவிடும். 'இதுவரை என் பொறுப்பு, இதற்கு மேல் உன் சமர்த்து' என்று கோடு கிழித்துக் காட்டிய மரியாதையாவது அதில் இருந்தது. தங்கள் உலகில் கோடு கிடையாது. 'அதிகம்' இருக்கிறது.

மறு ஆண்டு அமெரிக்காவில் 'எவர்குவெஸ்ட்' வந்தது. அதன் கொடுமைகளைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் பிரசவக் கதை மாதிரி பெருமையோடு சொல்வார்கள். செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளியில் ஒரு பங்கு போகும். சில நேரம் லெவலே இறங்கும். உடைமை முழுவதும் பிணத்தோடு கிடக்க, ஆட்டக்காரர் வெறும் உடம்போடு எங்கோ முளைத்து, தன்னைக் கொன்ற பூதங்களுக்கு நடுவே ஓடித் தன் பிணத்தைத் தேட வேண்டும். சில நாட்களுக்குள் எடுக்காவிட்டால் பிணம் மக்கிவிடும், பொருளோடு சேர்த்து. மந்திரவாதியாகப் பிறந்தவர்கள் பாடு இன்னும் மோசம். சக்தி ஊற வேண்டுமானால் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தை விரிக்க வேண்டும். புத்தகம் திரையை அடைத்துக்கொள்ளும். 35-ஆம் லெவல் வரும்வரை, பக்கத்தில் புலி வந்தாலும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகூட அவ்வளவு நேரம் புத்தகத்தைப் பார்த்திருக்காது.

அது கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமைக்கு எதிர்க்கடையில் மருந்து விற்கவில்லை. மாதச் சந்தா கட்டிய வக்கீலும் மாணவனும் ஒரே மாதிரி அம்மணமாக ஓடினார்கள். காயத்தையும் களிம்பையும் ஒரே கணக்கில் எழுதும் அறிவு அன்றைய வடிவமைப்பாளர்களுக்கு இல்லை. பாவம், கூலி வாங்கத் தெரியாத கொல்லர்கள்.

தங்கள் துறையின் உண்மையான வளர்ச்சி இரும்பில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 2004-இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' இதற்கு நல்ல பாடம். சோதனை ஓட்டத்தில் அதற்கு ஒரு விதி இருந்தது: நெடுநேரம் ஓய்வில்லாமல் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும். ஆடியவர்கள் கொதித்தார்கள், தண்டிக்கிறீர்களே என்று. வடிவமைப்பாளர்கள் கணக்கைத் தொடவே இல்லை. பெயரை மட்டும் மாற்றினார்கள். பாதி என்றிருந்ததை 'இயல்பு' என்றார்கள். முழுமை என்றிருந்ததை 'ஓய்வெடுத்தவருக்கு இரட்டைப் பரிசு' என்றார்கள். அதே கூட்டல், அதே கழித்தல். கொதித்தவர்கள் கைதட்டினார்கள்.

இது யாரையும் கெடுக்காத சாமர்த்தியம், மனுதாரரே ரசித்திருக்கிறார். ஆனால் தங்கள் பள்ளியில் இந்தப் பாடத்தை யாரோ கூடுதலாகவே படித்திருக்கிறார்கள். தங்கள் விளையாட்டில் மூட்டையை வேண்டுமென்றே சிறிதாகத் தைத்துவிட்டு, பெரிய மூட்டை விற்பதற்கு 'வசதி' என்று பெயர். ஆறு மணி நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, காத்திருக்காமலிருக்கக் காசு வாங்குவதற்கு 'விரைவு'. வாளை உடைப்பதற்கு என்ன பெயர் தெரியுமா? 'மேம்பாடு'. கொல்லர் மேம்பாடு செய்துவிட்டார். கூலி வாங்கிக்கொண்டார்.

தவறு செய்யாத துறை உண்டா? தங்கள் முன்னோர் செய்த தவறுகளில் சில, மனம் திருந்தியதால் புகழ் பெற்றவை. 'ஃபைனல் ஃபேன்டசி 11' உள்ளே நுழையும்போதே ஓர் அறிவுரை சொல்லும்: குடும்பத்தையும் நண்பர்களையும் பள்ளியையும் வேலையையும் மறந்துவிடாதீர்கள் என்று. அதே விளையாட்டில் 'பாண்டமோனியம் வார்டன்' என்றொரு அரக்கனை இறக்கினார்கள். 2008-இல் ஒரு கூட்டம் அவனோடு 18 மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் சண்டை போட்டது. சிலருக்கு மயக்கம், சிலருக்கு வாந்தி. அரக்கன் சாகவில்லை; கூட்டம்தான் கையெடுத்துக் கும்பிட்டு எழுந்து வந்தது. பிறகு நிறுவனம் அரக்கனை இளைக்க வைத்து, இரண்டு மணி நேரத்தில் அவனே கிளம்பிப் போய்விடும்படி மாற்றியது. குடும்பத்தை மறக்காதே என்ற அறிவுரை அப்போதுதான் அரக்கன் காதுக்கு எட்டியது போலும்.

அதே ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் 'ஃபைனல் ஃபேன்டசி 14'-ஐ வெளியிட்டது. அதில் வாரத்துக்கு ஏறத்தாழ எட்டு மணி நேர அளவு உழைப்புக்குத்தான் முழு அனுபவப் புள்ளி. அதற்கு மேல் தேய்பிறை. பதினைந்து மணி நேர அளவை எட்டினால் அமாவாசை. கடைவீதியில் ஒரு பொருளைத் தேடி வாங்குவதே தனி யுத்தம். உலகம் முழுவதும் காறித் துப்பியது. அங்கே நடந்ததைத் தாங்கள் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பொறுப்பு நவோகி யோஷிடா கைக்கு மாறியது. ஓராண்டுக்கும் மேலாக மாதச் சந்தாவே வாங்கவில்லை. கடைசியில், 2012 நவம்பரில், கதைக்குள்ளேயே வானத்திலிருந்து ஒரு நிலவை இறக்கி அந்த உலகத்தை அழித்தார்கள்; 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை சரியில்லை என்று கொல்லரே ஒப்புக்கொண்டு கூலி வாங்க மறுத்த கதையை மனுதாரர் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இனி 'அதிகம்' என்ற சொல்லுக்கு வருவோம்.

நெக்ஸான் நிறுவனத்தின் 'மேப்பிள் ஸ்டோரி'யில் 2010-இல் 'கியூப்' என்றொரு பொருள் விற்பனைக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கி உருட்டினால், ஆயுதத்தின் மூன்று குணங்கள் மாறி மாறி விழும். நல்ல குணம் மூன்றும் ஒன்றுபோல விழ வேண்டும் என்பதே எல்லாருடைய கனவும். உருட்டினார்கள். சம்பளத்தைப் போட்டு உருட்டினார்கள். 2011 ஆகஸ்டிலிருந்து, மக்கள் மிகவும் ஏங்கிய சில மூன்றொத்த சேர்க்கைகளின் வாய்ப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? குறைவு இல்லை. மிகக் குறைவும் இல்லை. பூஜ்யம். விழவே விழாது. அதை ஆடியவர்களுக்குச் சொல்லவும் இல்லை. உண்மை வெளியே வர 2021 ஆயிற்று. 2024 ஜனவரியில் தென்கொரிய நியாய வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது.

இல்லாத ஒன்றைக் காட்டி ஒரு மனிதனைப் பத்து வருஷம் உருட்ட வைப்பதற்கு 'வடிவமைப்பு' என்று பெயர் சொல்லாதீர்கள். அது ஏமாற்று. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அடுத்த உருட்டலில் விழுந்துவிடும் என்று நம்பிக் கார்டு எண்ணை அடிக்கிறவன் முட்டாள் இல்லை. அவனுக்குப் பொய் சொன்னவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்பைச் சொல்லாமல் சீட்டு விற்கிற எவனும், கையில் சம்மட்டி வைத்திருந்தாலும் மவுஸ் வைத்திருந்தாலும், மூன்று சீட்டுக்காரன்தான். பேருந்து நிலையத்தில் அவனைப் போலீஸ் விரட்டும். உங்களுக்கு ஏசி அறை.

மன்னிக்க வேண்டும். மனுதாரருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. மாட்சிமை தங்கிய துறையின் கருணை கடல் போன்றது என்பதையும், அந்தக் கடலில் மீன்பிடிக்கத் தனியாகத் தூண்டில் வாங்க வேண்டும் என்பதையும் அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார்.

கொரிய ஆட்டக்காரர்கள் மனு எழுதுவதோடு நிற்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது மனுதாரரின் கடமை. 2021 தொடக்கத்தில் அவர்கள் பணம் திரட்டி, மின்பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்குப் பிடித்து, நிறுவனங்களின் வாசலுக்கு அனுப்பினார்கள். கோஷம் இல்லை, கல் வீச்சு இல்லை. கண்டன வாசகம் பலகையில் ஓட, லாரி வாசலில் நிற்கும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பந்தயக் குதிரைகளைப் பற்றிய வேறொரு விளையாட்டின் ரசிகர்கள் பாங்கியோவில் இருந்த அதன் நிறுவன அலுவலகத்துக்கு உண்மையான குதிரை வண்டியையே ஓட்டிவந்தார்கள். 2024 மார்ச் 22 முதல், வாய்ப்பு எண்களை வெளியிடுவது தென்கொரியாவில் சட்டக் கட்டாயம். சீனா 2017 மே மாதமே அப்படிச் செய்யச் சொல்லிவிட்டது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் காசு கட்டித் திறக்கும் சில 'லூட் பாக்ஸ்' அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. தங்கள் கொல்லருக்கு எண் தெரியாது என்பதில்லை, பாருங்கள். நாடு பார்த்துச் சொல்கிறார்.

ஐஸ்லாந்தின் 'ஈவ் ஆன்லைன்' கதையும் சுவையானது. 2011 கோடையில் அதன் கடையில் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று வந்தது. விலை 60 டாலருக்கும் மேல். நிஜக் கண்ணாடி இல்லை. விளையாட்டுக்குள் இருக்கும் ஆட்டக்காரரின் உருவம் மாட்டிக்கொள்வது. அந்த உருவம் நடமாட ஓர் அறையும் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்குள் வேறு யாரும் வர முடியாது. பூட்டிய வீட்டுக்குள் தனியாகப் போட்டுப் பார்க்கப் பட்டு வேட்டி. அதே நேரம், பேராசை நல்லதா என்று தலைப்பில் கேள்வி கேட்ட உள்சுற்று இதழ் வேறு வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே ஜீட்டா என்ற சந்தை நட்சத்திர மண்டலத்தில் கப்பல் கப்பலாகத் திரண்டு, அழிக்கவே முடியாத ஒரு நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். சிலர் சந்தாவை நிறுத்தினார்கள். அக்டோபரில் நிறுவனத் தலைவர் பகிரங்கக் கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். மனுதாரரும் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் கொல்லரைக் குத்திப் பார்த்தார். அவருக்கும் வலிக்காது என்று தெரியவந்தது. குத்தியதற்கு அபராதம் இருநூறு பொற்காசு.

'உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது' என்ற வாதத்தையும் தங்கள் துறை விரும்பிச் சொல்லும். பழைய வார்கிராஃப்ட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2013-இல் ஒரு ரசிகர் கேட்டபோது, வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் மேடையிலிருந்து பதில் வந்தது. 2019 ஆகஸ்டில் அந்தப் பழைய ஆட்டம் திறந்த அன்று உள்ளே நுழைய வரிசை. 'ரூன்ஸ்கேப்' நடத்தும் ஜாஜெக்ஸ் நிறுவனம் 2013-இல் வாக்கெடுப்பு வைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க, 2007-ஆம் ஆண்டு ஆட்டம் உயிரோடு திரும்பி வந்தது. அதில் புது அம்சம் சேர்க்க வேண்டுமானால் நூற்றுக்கு 75 பேர் சம்மதிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். கொல்லரைக் கேட்டு ஊர் நடக்காமல், ஊரைக் கேட்டுக் கொல்லர் அடித்தார். உலகம் இடிந்து விழவில்லை.

ஆகவே மனுதாரர் தாழ்மையுடன் வேண்டுவது:

ஒன்று, 'அதிகம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஓர் எண் போடுக. அறுபது என்றால் அறுபது. ஆறு என்றால் ஆறு. ஆறு என்று தெரிந்தும் கொடுத்தால் அது மனுதாரரின் கொழுப்பு. அதற்கு அவர் மனு எழுத மாட்டார்.

இரண்டு, வாள் உடைந்த அறிவிப்பை ஊருக்குச் சொல்லும் முறையை நிறுத்துக. ஜெயித்தவனுக்கு மேளம் அடிப்பது புரிகிறது. தோற்றவன் வீட்டு வாசலில் அதே மேளம் எதற்கு?

மூன்று, உடைந்த கணத்தில் கடை திறப்பதை நிறுத்துக. சாவு வீட்டில் பூமாலை விற்பவர்கூடத் தெருமுனையில்தான் நிற்பார்.

நான்கு, இதுவே முக்கியம். தாங்கள் ஒரு முறையாவது தங்கள் சொந்த வாளை, நான்கு மாதம் தாங்களே தாது வெட்டிச் செய்த வாளை, அந்தக் கொல்லரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டைப் படைத்த ரிச்சர்டு கேரியட், 1997 ஆகஸ்டில் சோதனை ஓட்டத்தின்போது தம் அரச வேடத்தில் மக்கள் முன் எழுந்தருளினார். சர்வர் விழுந்து எழுந்ததில், தம்மைச் சாகாவரம் பெற்றவராக்கும் அமைப்பைப் போட மறந்துவிட்டார். கூட்டத்திலிருந்த ஒருவர் தீ மந்திரத்தை வீசினார். தீயைப் பார்த்து, என்னை என்ன செய்யும் என்று நின்ற படைப்பாளி, தம் சொந்த விதிப்படி தரையில் விழுந்தார். தங்கள் துறையிலிருந்து அப்படி ஒருவரை, ஒரே ஒருவரை, சனிக்கிழமை இரவு கடைவீதிக்கு அனுப்பிவையுங்கள். காப்புக்கல் இல்லாமல். சங்கு ஊத ஆள் தயாராக இருக்கிறது.

மேலும் எழுத ஆசைதான். ஆனால் மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. தினசரி வருகைப் பரிசு பன்னிரண்டுக்கு மூடிவிடும். மனுதாரர் தொண்ணூற்று ஒன்பது நாளாக விடாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்; இன்றைக்கு விட்டால் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். நூறாவது நாள் பரிசு என்னவென்று அக்கா மகன் பார்த்துச் சொன்னான்: கொல்லரிடம் ஒரு முறை இலவச மேம்பாடு. வாய்ப்பு, அதிகம்.

இப்படிக்கு,
தங்கள் விசுவாசமுள்ள மனுதாரர்.

இணைப்பு: வாள் துண்டு – 1. பார்த்தபின் அருள்கூர்ந்து திருப்பி அனுப்பவும். பத்துத் துண்டு சேர்ந்தால் கொல்லர் புது வாள் அடித்துத் தருவார் என்று போட்டிருக்கிறது. கூலி தனி.